பத்து ரூபாய் கூடுதல்தான், இருக்கட்டும்

டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டத்தை 'இன்னொரு கொள்ளை' என்று ஆளாளுக்குத் திட்டுகிறார்கள். குப்பை விஷயத்தில் அரசு கொண்டுவந்ததிலேயே உருப்படியானது இதுதான் என்பேன்.

நீலகிரியில் காட்டோரம் வீசிய பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று சென்னை உயர் நீதிமன்றம் கண்டிப்பாகக் கேட்ட பிறகுதான் 2022 மே மாதம் அங்கே இது தொடங்கியது, அப்புறம் மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. அவ்வளவு பெரிய உருவத்துக்குப் பாதத்தின் அடி மெத்தென்றுதான் இருக்கும், சில்லு ஏறினால் சீழ் வைத்துவிடும்.

காட்டை விடுங்கள். வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து குடித்துவிட்டு பாட்டிலை வயலுக்குள் எறிகிறார்களே, சேற்றுக்குள் கிடக்கும் சில்லு யார் கண்ணுக்குத் தெரியும்? நாற்று நடுகிறவர்கள் வெறுங்காலோடுதான் இறங்குகிறார்கள். குதிகாலில் ஏறினால் அன்றைய கூலி போச்சு, தையல், டிடி ஊசி, ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் செலவு எல்லாம் அவர்கள் தலையில். எறிந்தவனிடமிருந்து அதை எந்தச் சட்டம் வாங்கித் தந்தது?

2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. பூக்கார அம்மாவின் கேரி பேக்கைப் பறிமுதல் செய்வதில் இருந்த வேகம் அதைத் தயாரிக்கிற இடத்தில் இல்லை. ரெய்டு வந்தால் கவர் உள்ளே போகும், அதிகாரி போனதும் வெளியே வரும். தடைக்கு யாராவது காவல் இருந்துகொண்டே இருக்க வேண்டும். பத்து ரூபாய்க்கு அது வேண்டாம், குடித்தவன் எறிந்துவிட்டுப் போனாலும் பொறுக்கிக்கொண்டுபோய்க் கொடுக்க ஒருவர் வருவார்.

ஆனால் கடை ஊழியர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஸ்டிக்கர் ஒட்டுவது, திரும்பி வருவதை எண்ணுவது, நாற்றமடிக்கும் காலி பாட்டில்களை நிற்கவே இடமில்லாத கடைக்குள் அடுக்குவது எல்லாமே தொகுப்பூதியத்தில் இருக்கிற அதே ஆட்கள்தான். அவர்கள் போராடினால் திட்டத்துக்கு எதிரிகள் என்று சொல்லாதீர்கள். காலி பாட்டில் வாங்கத் தனி ஆள், தனி இடம், அதற்கென்று கூலி, இதை அரசு முதலில் செய்யட்டும். அப்படியே தண்ணீர் பாட்டிலுக்கும் குளிர்பான பாட்டிலுக்கும் இதே முறையைக் கொண்டுவந்து, செலவைத் தயாரிக்கும் கம்பெனிகளிடம் வாங்கட்டும்.