கடைசி விலை என்ன, கடைசி விலை என்ன!

பழைய தஞ்சாவூர் வீணை விற்பனைக்குன்னு படம் போட்டு நாலு நிமிஷம் ஆகலை, "கடைசி விலை என்ன?" முதல் விலையையே நீங்க இன்னும் படிக்கலையே ஐயா! ஒரே மரத்துல குடைஞ்ச ஏகாண்டமா, தனித்தனியா செஞ்சு ஒட்டின ஒட்டு வீணையா, மெட்டை மெழுகுல நிறுத்தி மேளம் கட்டி எத்தனை வருஷம் ஆச்சு, ஒரு கேள்வி உண்டா? ம்ஹூம்.

தஞ்சாவூர்ப் பக்கம் பரண் ஒழிச்சவங்களுக்கு விளக்கவே வேண்டாம். வர்ணம் வரைக்கும் கத்துக்கிட்டதோட நின்னுபோன வீணை ஒண்ணு, தெருவுக்கு நாலு வீட்டுல பழைய போர்வைக்குள்ள படுத்துக் கிடக்கும். அதைக் கிளப்புறதுக்குள்ள அடுத்த கும்பாபிஷேகமே வந்துடும்.

பார்க்க வந்தார் புண்ணியவான். வந்ததும் வராததுமா சுரைக்காயைப் பிடிச்சுத் தூக்கினார். சுரைக்காயை! தண்டிக்கு, அதான் நீளக் கழுத்துக்கு, அடியில ஒரு திருகுல நிக்கிற சமாச்சாரம் அது. ஏழெட்டுக் கிலோவை அதுல தொங்கவிட்டா மரை போயிடாதா? ஒரு கை உருண்டையான குடத்துக்கு அடியில, ஒரு கை தண்டியில, அவ்வளவுதானே! "நமக்கு வீணை பத்தித் தெரியும் சார்"ங்கிறார்.

தெரியும், தெரியும். வருஷக்கணக்கா அசையாத பிருடையை, தந்தி முறுக்குற முளையை, ஊறுகாய் ஜாடி மூடி மாதிரி ஒரே திருகு. துருப்பிடிச்ச முதல் தந்தி, சாரணி, டங்! இறுகின பிருடையை வெளியே இழுத்து, சாக்பீஸ் தூள் தடவி, புதுத் தந்தி மாட்டி, கால் கால் சுத்தா ஏத்தணும். நுணுக்கத்தைத் தந்தி முனையில இருக்கிற லங்கர் வளையத்துல பார்த்துக்கலாம். அதுவும் வாசிப்புத் தந்தி நாலு, தாளத் தந்தி மூணு, ஏழையும் மாத்தின பிறகுதான் சுருதி பேச்சே. இவர் முகத்துலயோ ஜெயிச்ச களை. "பாத்தீங்களா, ரிப்பேர் இருக்கு." அறுத்ததே நீங்கதானய்யா!

அடுத்து மெட்டு, தந்திக்கு அடியில வரிசையா நிக்கிற உலோகக் கம்பி. நகத்தால நெம்பிப் பார்த்து, "ஆடுது, உடைஞ்சிருக்கு." உடையலை! இருபத்துநாலு மெட்டும் தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த கலவைமேல உக்காந்திருக்கு. பரண்ல கிடந்து அக்னி நட்சத்திரம் பத்துத் தடவை பார்த்தா மெழுகு இளகத்தான் செய்யும், மெட்டு சாயத்தான் செய்யும். சும்மா தந்தியை மீட்டு, அப்புறம் அதே தந்தியைப் பன்னிரண்டாவது மெட்டுல அழுத்தி மீட்டு. அதே சுரம் ஒரு ஸ்தாயி மேல சரியா வந்து நிக்கலைன்னா மேளம் கட்டணும். பழைய மெழுகைச் சுரண்டி எடுத்து, புதுசா வெச்சு, ஒவ்வொரு மெட்டையும் காதால நிறுத்துற வேலை. அந்தக் கூலியை விலையில கழிச்சுக் கேளுங்க, ஒத்துக்கலாம்.

நிஜமா பயப்பட வேண்டியது தண்டி வளைசலுக்கு. தண்டி வளைஞ்சா எவ்வளவு நல்லா மேளம் கட்டினாலும் பிரயோஜனம் இல்லை. அப்புறம் குடத்துல விரிசல், மேல்பலகையில பூச்சித் துளை. அந்தப் பக்கம் இவர் கண்ணே போகலை. வீணை முனையில செதுக்கின யாளித் தலையைத் தடவித் தடவிப் பார்த்துட்டுக் கேட்டாரே ஒரு கேள்வி:

"இந்தத் தலையை மட்டும் கழட்டித் தருவீங்களா? ஷோகேஸ்ல வைக்கலாம்."

தஞ்சாவூரை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்துல 24 மெட்டுன்னு நிலைச்சது இதுக்குத்தானா? பலா மரத்துல இழைச்ச வாத்தியம், புவிசார் குறியீடு வாங்கின வாத்தியம், தலையை மட்டும் வேணுமாம்! என்ன கிடாவெட்டா நடக்குது இங்க?

முழுசாத்தான்னதும், "ரெண்டாயிரம், ஸ்கூட்டர்ல முன்னாடி நிக்க வெச்சு எடுத்துட்டுப் போயிடறேன்." கும்பகோணம் வரைக்கும், மத்தியான வெயில்ல! தந்தியைக் கொஞ்சம் தளர்த்தணும், மொத்தமா அவிழ்த்தா தந்தியைத் தாங்குற குதிரை நகர்ந்துடும். சுரைக்காயைக் கழட்டித் தனியா சுத்தணும். கார் பின்சீட்டுல மெத்தை போட்டுப் படுக்க வைக்கணும், வழியில காரை வெயில்ல நிறுத்திட்டு டிபன் சாப்பிடப் போகக் கூடாது. இதெல்லாம் யார் காதுல விழுது?

வாங்கலை. செருப்பு மாட்டிட்டே ரேழியில கிடந்த பித்தளை அண்டாவை விரலால சுண்டினார். தலையைச் சாய்ச்சு, கண்ணை மூடி, அந்த ரீங்காரம் அடங்குற வரைக்கும் கேட்டார்.

"நல்ல நாதம் சார். இது என்ன விலை?"