பாசிட்டிவ் ஆட்களை ஏன் விரட்டுகிறீர்கள்?

டயாலிசிஸ் சென்டர் பற்றி நேற்றிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கும் அந்த ஸ்கிரீன்ஷாட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "ஹெபடைட்டிஸ் சி ஆட்களை எங்க ஷிப்ட்ல சேர்க்காதீங்க, அவங்களாலதான் எங்களுக்கும் வருது." கீழே வரிசையாகக் கைதட்டல்.

டயாலிசிஸ் படுக்கையில் கையை நீட்டிப் படுத்திருப்பவர் எழுந்து வந்து, கல்லீரலைத் தாக்கும் இந்த வைரஸை உங்களுக்குக் கொடுப்பதில்லை. வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம், ரத்தம் குழாய் வழியே மெஷினுக்குப் போய், சுத்தமாகித் திரும்புகிற இடம் அது. ஒருவருக்கு பிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கையில் இணைத்த ரத்தக்குழாய்) ஊசியை எடுத்த அதே கையுறையோடு அடுத்த மெஷினைத் தொட்டு, அங்கே படுத்திருப்பவருக்கு ஊசி போட்டால் போதும். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும், எல்லோருக்கும் பொதுவான ஹெப்பரின் மருந்து பாட்டிலுக்குள் பயன்படுத்திய சிரிஞ்சை மறுபடி விட்டால் போதும். கண்ணுக்கே தெரியாத துளி ரத்தத்தில் தொற்றிவிடும். அதைக் கொண்டுபோவது ஊழியரின் கை, நோயாளி இல்லை.

அப்பா டயாலிசிஸ் தொடங்கியபோது நெகட்டிவ். அடுத்த வருடம் பாசிட்டிவ். இடையில் அவருக்கு ரத்தம் ஏற்றவில்லை, ஆபரேஷன் இல்லை, வீடும் அந்த சென்டரும்தான் உலகம். ஆனாலும் "உங்கப்பா எங்கெங்க போனாரு?" என்று என்னிடம்தான் கேட்டார்கள். மறுநாளே கடைசி ஷிப்ட், மூலைப் படுக்கை, ஃபைலின் மேல் சிவப்பு மையில் பெரிய எழுத்து. அவரோடு இட்லி பகிர்ந்து சாப்பிட்டவரின் வீட்டம்மா, அப்பா எழுந்த நாற்காலியை அவர் பார்க்கப் பார்க்க டெட்டால் போட்டுத் துடைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தால் இது பரவாது, சேர்ந்து சாப்பிட்டாலும் பரவாது. இதை அங்கே ஒருவர்கூட எடுத்துச் சொல்லவில்லை.

"அப்போ தனியா வைக்கவே வேணாமா?" என்று வருவீர்கள். ஹெபடைட்டிஸ் பி என்றால் தனி அறையும் தனி மெஷினும் வேண்டும், அந்த வைரஸ் உடம்புக்கு வெளியே ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, டயாலிசிஸ் நோயாளிக்கு இரட்டிப்பு அளவு, போட்டபின் ஆன்டிபாடி, அதாவது வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம், வந்ததா என்றும் பார்க்க வேண்டும். உங்களுக்குப் பார்த்தார்களா? கேட்டீர்களா? சி-க்கும் தனி மெஷின் வைத்தால் வைக்கட்டும். ஆனால் புதிதாகத் தொற்றியவருக்கு ஆன்டிபாடி டெஸ்ட் வாரக்கணக்கில் நெகட்டிவ் என்றே காட்டும். அவர் உங்கள் ஷிப்ட்டில், உங்கள் பக்கத்துப் படுக்கையில்தான் இருப்பார். கையுறை மாற்றாத இடத்தில் தனி மெஷின் யாரைக் காப்பாற்றும்?

நர்ஸ்களைத் திட்டுகிறேன் என்று சொல்லாதீர்கள். ஒரே ஆளை அத்தனை மெஷினுக்கும் ஓடவிடும் நிர்வாகத்தைத்தான் சொல்கிறேன்.

2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் திட்டத்தில் ஹெபடைட்டிஸ் சி-க்கு மருந்து இலவசம். அப்பா 12 வாரம் மாத்திரை சாப்பிட்டார், வைரஸையே நேராகத் தேடும் ஆர்என்ஏ டெஸ்ட்டில் வைரஸ் இல்லை என்று வந்துவிட்டது. குணமான பிறகும் ஆன்டிபாடி பாசிட்டிவாகவே இருக்கும், பெரும்பாலும் ஆயுசுக்கும். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவரை மறுபடி அதே மூலைக்கு அனுப்பினார்கள், வைரஸ் இருப்பவர்களோடு, சி ஒருமுறை போனாலும் திரும்பத் தொற்றும் என்று தெரிந்தும். ரிப்போர்ட்டை நீட்டினால், "பாசிட்டிவ்னா பாசிட்டிவ்தான் சார்." குணமானவரை எத்தனை நாள் குற்றவாளியாக வைத்திருப்பீர்கள்?

அந்த ஸ்கிரீன்ஷாட்டை எழுதியவரே, உங்கள் பயம் நியாயம். நாளைக்கு உங்கள் ஷிப்ட்டில் கையுறையை மாற்றுகிறார்களா, ஹெப்பரினை எப்படி எடுக்கிறார்கள் என்று பாருங்கள். தப்பு நடந்தால் அங்கேயே சத்தம் போடுங்கள், நானும் வந்து பக்கத்தில் நிற்கிறேன்.