மாட்டேன் என்பவர்களோடு ஊர் சுற்றுவது

எங்கள் வழிகாட்டிகள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நண்பர் புலம்பியிருந்தார். ஆசாரமான யூதத் தம்பதி ஒன்று அவருக்கு புக்கிங் ஆகியிருக்கிறது. "கோயிலுக்குள் வரமாட்டார்களாம், சர்ச்சுக்குள் வரமாட்டார்களாம், ஹோட்டலில் சாப்பிட மாட்டார்களாம், சனிக்கிழமை காரில் ஏற மாட்டார்களாம். அப்புறம் எதுக்கு டூர் வர்றாங்க?" கீழே வரிசையாகச் சிரிப்பு ஸ்மைலிகள். அங்கே பதில் போட்டால் வம்பு வளரும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நம் ஊர் ஐரோப்பா டூர் விளம்பரங்களைப் பாருங்கள். 'தமிழ்ச் சமையல்காரர் உடன் வருவார்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். ஆல்ப்ஸ் மலையில் இறங்கியதும் ரசம் சாதம் கேட்கிற ஆட்களிடம் எந்தச் சுவிஸ்காரனும் எதுக்கு வந்தீங்க என்று கேட்பதில்லை.

மதுரை, மூணாறு, கொச்சி. என் பிழைப்பு ஓடும் தடம் இதுதான். அதில் லண்டனிலிருந்து வந்த, அறுபதைத் தாண்டிய ஆசாரமான யூதக் கணவன் மனைவியைக் கூட்டிப்போனதைச் சொல்கிறேன். இவர்களைப் போன்றவர்கள் கஷ்டமான வாடிக்கையாளர்கள் இல்லை என்பது என் கட்சி. என்ன செய்ய மாட்டோம் என்பதை வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது அதுதானே?

ஏஜென்சி அனுப்பிய பயண நிரலில் முதல் கோளாறு வெள்ளிக்கிழமையில் இருந்தது. மூணாறில் மதியச் சாப்பாடு, ஒரு மணிக்குக் கிளம்பி இரவுக்குள் கொச்சி. வெள்ளி சாயங்காலம் சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பே அந்த அம்மா மெழுகுவத்தி ஏற்றியாக வேண்டும். அதற்குப் பிறகு சனிக்கிழமை இரவு நட்சத்திரம் தெரியும் வரை சபாத் என்ற ஓய்வு நாள், வண்டி, போன், பணம் எதையும் தொட மாட்டார்கள். மூணாறிலிருந்து கொச்சி சுமார் 130 கிலோமீட்டர். நேரியமங்கலம் காட்டுப் பாதையில் ஒரு லாரி குறுக்கே நின்றால் ஐந்து மணி நேரம் ஆறாகும். "சரியா போயிடலாம் சார்" என்று ஏஜென்சிப் பையன் சொன்னான். அவனுக்கு என்ன, நடுக்காட்டில் வண்டியை நிறுத்திவிட்டு நிற்கப்போவது அவனா? காலை ஏழு மணிக்கே கிளப்பிவிட்டேன். தேயிலைத் தோட்டத்தை முந்தின நாளே பார்த்தாயிற்று.

ஹோட்டலும் அப்படித்தான். கார்டு தேய்த்துத் திறக்கும் கதவு சனிக்கிழமை உதவாது, இரும்புச் சாவி வேண்டும். லிஃப்ட் பொத்தானை அழுத்த மாட்டார்கள், எனவே தரைத்தள அறை. ஆள் நடந்தால் தானே எரியும் விளக்குள்ள வராந்தா வேண்டவே வேண்டாம். கொச்சியின் மட்டாஞ்சேரியில் ஒரு பழைய வீட்டை விடுதியாக்கி வைத்திருக்கிறார்கள், அது இதற்கென்றே கட்டியது போல இருந்தது. தெருவில் கையில் எதையும் எடுத்துச் செல்லக் கூடாது என்பதால் சாவியை விடுதிக்காரரிடமே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நடந்தார்கள். போன் இல்லை என்பதால், பத்து மணிக்கு மணிக்கூண்டுக்குக் கீழே என்று வெள்ளிக்கிழமையே பேசிவைத்திருந்தோம். பத்துக்கு இரண்டு பேரும் நின்றார்கள். போனை நம்பி வரும் வாடிக்கையாளர் யாராவது இப்படி நேரத்துக்கு நின்றிருக்கிறாரா?

அந்த மணிக்கூண்டு 1760ஆம் ஆண்டுக் கட்டடம். பக்கத்தில்தான் 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம், அதாவது வெளிநாட்டிலிருந்து வந்த யூதர்களின் ஆலயம். கொச்சி ராஜாவின் அரண்மனைக் கோயிலுக்கு ஒட்டினாற்போல இடம் கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை. வழிபாட்டுக்கோ பத்து ஆண்கள் சேர வேண்டும், உள்ளூர் யூதர்களை வைத்து இன்று அது நடக்காது. பெரும்பாலோர் 1950களிலேயே இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். ஆகவே கணவர் அறையிலேயே ஜெபித்துவிட்டு வந்து, பூட்டிய கதவைச் சற்று நேரம் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைதான் உள்ளே போனோம். செருப்பைக் கழற்றச் சொன்னதும் மனிதர் அசந்துவிட்டார். ஜெப ஆலயத்தில் தலையை மூடித்தான் பழக்கம், காலைத் திறந்து பழக்கமில்லை. வெறுங்காலோடு நின்று, சீனாவின் காண்டனிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் வந்த நீல வெள்ளை ஓடுகளைக் குனிந்து குனிந்து பார்த்தார். கையால் தீட்டியவை என்பதால் ஒன்றுபோல் ஒன்று இல்லை என்றேன். சரிபார்க்க ஆரம்பித்துவிட்டார்.

சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் கி.பி. 1000 வாக்கில் யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்குக் கொடுத்த செப்பேட்டைப் பற்றிச் சொல்லும்போது, வட்டெழுத்தில் இருக்கும் அந்த உரிமைகளை வாய்விட்டே சொல்லிக்காட்டுவேன். பகல்விளக்கு, பாவாடை (நடக்க விரிக்கும் துணி), குடை, தோரணம். அர்த்தம் புரியாமலே அந்த அம்மா இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

யூதக் கல்லறைத் தோட்டத்தில்தான் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. முன்னோர் கல்லறை என்றால் ஓடி வருவார்கள் என்று நாம் நினைப்போம். கணவர் வாசலுக்கு அப்பாலேயே நின்றுவிட்டார். அவர் கொஹென், அதாவது பழைய குருக்கள் வம்சம். இறந்தவர்கள் இருக்கும் இடத்துக்குள் போகக் கூடாது. அந்த அம்மா மட்டும் உள்ளே வந்து கல்வெட்டுகளைப் படித்துப் படித்து, வாசல் பக்கம் குரல் கொடுத்து எபிரேயப் பெயர்களைச் சொன்னார். வெளியே நின்றவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பர்தா போட்ட ஒரு பெண்மணி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இதை வேடிக்கை பார்த்தார்.

ஃபோர்ட் கொச்சியில் புனித பிரான்சிஸ் சர்ச். 1524இல் வாஸ்கோ ட காமாவைப் புதைத்த இடம், 1539இல் எலும்புகளைப் போர்ச்சுகலுக்கு எடுத்துப்போய்விட்டார்கள். உள்ளே போகாமல் எதிரே மர நிழலில் நின்றே கதையைச் சொன்னேன். உள்ளே போகிறவர்கள் ஐந்து நிமிடத்தில் செல்ஃபியோடு வெளியே வருவார்கள். இவர்களோ போர்ச்சுகல் யூதர்களை 1497இல் என்ன செய்தது என்று தொடங்கி, அங்கிருந்து தப்பியவர்கள் கொச்சி வந்தது, இங்கேயும் போர்ச்சுகீசியரே இருந்தது என்று கேட்டுக்கொண்டே போனார்கள்.

சாப்பாட்டுக்குப் பயந்த நண்பருக்காக இது. சீன வலை பக்கத்தில் மீன் வாங்கினோம். இறால், கணவாய், நண்டு கிடையாது. துடுப்பும் செதிலும் இருந்தால் ஆகும். வெட்டிய துண்டு வேண்டாம், முழு மீனாகக் கண்ணில் பார்க்க வேண்டும். கரிமீனைக் கையில் எடுத்து, நகத்தால் ஒரு செதிலைப் பெயர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் அந்த அம்மா. மீன்காரருக்கு ஒரே சந்தோஷம், வாடிக்கையாளர் என்றால் இப்படி இருக்கணும் என்றார். சொந்தக் கத்தி, சொந்த வாணலி, அடுப்பை அவரே பற்றவைத்தார். மற்ற வேளைக்கு வாழைப்பழமும் இளநீரும்.

ஒன்று மட்டும் எனக்குச் சுருக்கென்றது, மறைப்பானேன். பழனியிலிருந்து மொட்டைத் தலையில் சந்தனத்தோடு ஒரு குடும்பம் வேனில் போனது. இது என்ன என்று அந்த அம்மா கேட்டார், சாமிக்கு முடி காணிக்கை என்று சொன்னேன். இவர்களில் மணமான பெண்கள் முடியை மறைக்க வேண்டும், பலர் விக் வைப்பார்கள். 2004இல் ரப்பி எல்யாஷிவ் என்ற யூத மதகுரு, கோயில் காணிக்கை முடியில் செய்த விக் ஆகாது என்று தீர்ப்புச் சொன்னதும் ஜெருசலேமிலும் நியூயார்க்கின் புரூக்ளினிலும் விக்குகளைத் தெருவில் எரித்தார்கள். இவரும் தன்னுடையதைத் தூக்கிப் போட்டாராம், அன்றிலிருந்து தலையில் துணிதான். பழனியில் மொட்டை போட்டவன் நான். ஆனால் அவர் அதைக் கேவலமாகச் சொல்லவில்லை. உங்கள் சாமிக்குக் கொடுத்ததை நான் தலையில் வைத்துக்கொள்ள முடியாது என்றார். அதில் என் சாமிக்கும் ஒரு மரியாதை இருப்பதாகவே எனக்குப் பட்டது. உங்களுக்கு வேறு மாதிரி படலாம்.

மதிப்பது என்றால் தலையாட்டுவது இல்லை. யூத வாடிக்கையாளர் முன் ஏ. பி. சேலம் என்ற கொச்சி யூதரைப் பற்றிச் சில வழிகாட்டிகள் வாயே திறப்பதில்லை. அடிமை வம்சம் என்று சொல்லித் தன் மக்களுக்குச் சம இடம் மறுத்த அதே பரதேசி ஆலயத்துக்குள் சத்தியாக்கிரகம் செய்த வழக்கறிஞர், 'யூத காந்தி'. நான் சொன்னேன். கணவர் முகம் சுளிக்கவில்லை, எந்த இடத்தில் உட்கார வைத்தார்கள் என்று காட்டச் சொன்னார்.

கடைசியாகக் காசு விஷயம். குழுவில் ஒருவர் 'தொல்லைக் கட்டணம்' என்று தனியாக வாங்கச் சொல்கிறார். வேண்டாம். சனிக்கிழமை டிரைவர் சும்மா இருந்தாலும் அது வேலை நாள்தான், அந்தப் படியைக் கொட்டேஷனிலேயே வெளிப்படையாகப் போடுங்கள். டிப்ஸும் மிச்சக் கணக்கும் சனி இரவோ ஞாயிறோ வரும், வெள்ளி சாயங்காலம் போய் நிற்காதீர்கள்.