ஆடும் படம் மட்டும் சாட்சி ஆகாது
கைபேசியில் எடுத்த, திருத்தாத வீடியோதான் வியாபாரத்தில் நம்பிக்கை தரும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை, எளிமையையும் நடிக்கலாம். 2006-ல் அமெரிக்காவில் ஒரு ஆணும் பெண்ணும் வண்டியில் ஊர் ஊராகப் போய், வால்மார்ட் கடை வாசல்களில் தங்கி, சாதாரண மக்கள் போல வலைப்பதிவு எழுதினார்கள். பயணத்துக்குப் பணம் கொடுத்தது வால்மார்ட் ஆதரவில் இயங்கிய அமைப்பு என்று அப்புறம் வெளியே வந்தது. வால்மார்ட்டின் மக்கள் தொடர்பு நிறுவனமான எடெல்மன் மன்னிப்புக் கேட்டது. நான் மியான்மரின் யாங்கூனில் உளுந்துத் தரகு பார்க்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கிடங்கிலிருந்து வந்த வீடியோவை நம்பி, எஸ்.கியூ. எனப்படும் உயர்தர ரகம் என்று சென்னைக்காரர் ஒருவருக்குச் சரக்கு பேசி முடித்தேன். படம் ஆடியது, பின்னால் லாரிச் சத்தம், எல்லாம் நிஜம் போலவே இருந்தது. ஆனால் காட்டியது சாக்கின் மேல்வாய் மட்டும். அடியில் உடைசலும் மண்ணும். நஷ்டத்தில் பாதி என் தலையில் விழுந்தது. இப்போது தைத்த சாக்கைக் கேமரா முன்னால்தான் பிரிப்பேன். நடுவிலும் அடியிலும் குத்தூசி (சாக்கில் குத்தி மாதிரி எடுக்கும் குழாய்) விட்டு எடுத்ததைத் தட்டில் கொட்டி, உடைசலைப் பொறுக்கி எடை போடுவது வரை வீடியோ வெட்டாமல் ஓடும். சரக்கு யாருடையது, விற்றால் எனக்கு எவ்வளவு தரகு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரகைச் சொன்னால் வாங்குபவர் ஓடிவிடுவார் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர் சொல்லியிருக்கிறார். என்னிடம் இதுவரை யாரும் ஓடவில்லை, விலை பேசும்போது கொஞ்சம் கூடுதலாக இழுக்கிறார்கள், அவ்வளவுதான்.