"மாமா, கோட்டை எங்க?"

போன வாரம் பள்ளி விடுமுறை. வெள்ளவத்தையில் 100-ஆம் இலக்க பஸ்ஸில் அக்காவின் மகனோடு ஏறினேன். கொண்டக்டர் வழி நெடுக "கொட்டுவ, பிட்டகொட்டுவ" (சிங்களத்தில் கோட்டை, புறக்கோட்டை) என்று கூவிக்கொண்டு வந்தார். காலி முகத்திடல் தாண்டியதும் பொடியன் கேட்டான்: "மாமா, கோட்டை எங்க?" ஒன்பது வயது. யாழ்ப்பாணக் கோட்டைக்கு மேலே ஏறி நடந்தவன், கோட்டை என்றால் மதில் இருக்கும், அகழி இருக்கும் என்று தெரிந்தவன். இங்கே கண்ணாடிக் கட்டடங்கள்தான் தெரிகின்றன.

அப்படியே இறங்கி அவனை பிரிஸ்டல் வீதிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு வங்கியின் தலைமையகத்தோடு ஒட்டினாற்போல ஒரு பழைய வாசல் நிற்கிறது. டெல்ஃப்ட் வாசல். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கட்டிய கொழும்புக் கோட்டையில் மிஞ்சியிருக்கும் மிகச் சில துண்டுகளில் அது ஒன்று. (நெடுந்தீவுக்கும் அவர்கள் வைத்த பெயர் இதே டெல்ஃப்ட்தான்.) பொடியன் இரண்டு கையையும் விரித்துச் சுவரின் தடிப்பை அளந்து பார்த்தான், கை போதவில்லை. உள்ளே வளைவுக்குக் கீழே நின்றால் வெளியில் ஓடும் வாகனச் சத்தம் சட்டென்று அமுங்கிப் போகிறது. அவன் ஒரு தடவை "ஓய்" என்று கத்திப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நாம் தினமும் பேசும் பேச்சில் அந்தக் கோட்டை முழுசாக இருக்கிறது. புறக்கோட்டை என்றால் கோட்டைக்குப் புறத்தே இருந்த ஊர், வேறொன்றும் இல்லை. காலி முகத்திடல் வெறுமையாகக் கிடந்ததற்குக் காரணம் காற்று வாங்குவது அல்ல, தெற்கிலிருந்து வருகிற எதிரி ஒளிய இடமில்லாமல் பீரங்கிக்கு நேரே தெரிய வேண்டும் என்பதுதான். 1859-இல் ஆளுநர் ஹென்றி வார்ட் அதில் உலாவும் பாதையைப் போட்டு முடித்தார். 2022-இல் ஆயிரக்கணக்கான சனம் மாதக்கணக்கில் கூடி நின்றதும் அதே திடலில்தான். பீரங்கிக்காக மரம் மட்டை இல்லாமல் வைத்திருந்த நிலம் சனம் கூடுகிற நிலமாகிவிட்டது, எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

புதுக்கடை நீதிமன்றங்களுக்குப் போகிறவர்கள் ஹல்ஸ்டொப் என்று சொல்வார்கள் அல்லவா, அது ஹல்ஃப்ட் என்ற ஒல்லாந்தத் தளபதியின் பெயர். 1655 - 56-இல் போர்த்துக்கேயரை ஏழு மாதம் முற்றுகையிட்டபோது அவருடைய பாசறை இருந்த இடம் அது. அந்த முற்றுகையிலேயே அவர் செத்துப் போனார். ஒரு மாதம் கழித்து, 1656 மே 12-இல், கோட்டை விழுந்தது. கூட நின்று சண்டை பிடித்த கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனுக்கு அதை ஒல்லாந்தர் கொடுக்கவே இல்லை. 140 வருசம் கழித்து அதே கோட்டையை 1796-இல் ஆங்கிலேயரிடம் பெரிய சண்டை ஒன்றும் இல்லாமலே ஒப்படைத்தார்கள். காவலுக்குக் கூலிக்கு அமர்த்தியிருந்த சுவிஸ் படைப்பிரிவை ஆங்கிலேயர் முந்தின வருசமே அதன் உரிமையாளரோடு பேசித் தங்கள் பக்கம் எடுத்துவிட்டார்கள். இவ்வளவு தடித்த மதில், அதற்குள் நின்ற படை சம்பளக் கணக்கில் கைமாறியது. அப்புறம் 1870-ஐ ஒட்டி ஆங்கிலேயரே மதில்களை இடித்தார்கள், லேடன் பெஸ்டியன் வீதி என்று ஒரு தெருப்பெயரில் ஒரு கொத்தளம் தப்பிக் கிடக்கிறது.

சரி, ஏன் இவ்வளவும் சொல்கிறேன் என்றால், கொழும்புத் தமிழ்ப் பிள்ளைகளைச் சுற்றுலா என்று விடிய நாலு மணிக்கு எழுப்பி பஸ் ஏற்றிக் காலிக் கோட்டைக்குக் கொண்டு போகிறோம். நல்ல விஷயம், போகட்டும். ஆனால் பள்ளியிலிருந்து அரைமணி நேரத்தில் இருக்கிற டெல்ஃப்ட் வாசலை எத்தனை பிள்ளைகள் பார்த்திருப்பார்கள்? கேட்டால் "அது வெள்ளைக்காரன் கட்டினது, நமக்கென்ன" என்று ஒரு பதில் வரும். என்னால் அந்தப் பதிலைத்தான் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

திருகோணமலைக்குப் போய்ப் பாருங்கள். கோணேசர் கோயிலை 1622-இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள், இரண்டு வருசத்தில் அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். இன்றைக்கும் கோயிலுக்குப் போகிறவர்கள் அந்தக் கோட்டை வாசலுக்குள்ளால்தான் நடந்து போக வேண்டும், உள்ளே இன்னும் இராணுவ முகாம். வாசல் கல்லில் இரட்டைக் கயல் இருக்கிறது, அந்தக் கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் அரசன் குளக்கோட்டனைச் சொல்லும் தமிழ் எழுத்துகள் இருக்கின்றன. முதல் தடவை அந்த எழுத்தைக் கண்டபோது நான் அர்ச்சனைத் தட்டைப் பிடித்தபடி அசையாமல் நின்றுவிட்டேன், பின்னால் வந்தவர்கள் விலத்திக்கொண்டு போனார்கள். அது வெள்ளைக்காரனின் கல்லா?

யாழ்ப்பாணத்தில் மதிலைக் கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லுக்குள் பூப்போல வட்டம் வட்டமாகத் தெரியும், முருகைக்கல் (பவளப்பாறைக் கல்). நம்முடைய கடலில் விளைந்தது. 1706-இல் அதற்குள் கட்டிய தேவாலயம் 1990 சண்டையில் தரைமட்டமானது. நீர்கொழும்பில் கோட்டைக்குள் சிறைச்சாலை, மட்டக்களப்பில் நெடுங்காலம் கச்சேரி, அதாவது மாவட்ட அரச அலுவலகம். இந்தக் கரையோரக் கோட்டைகள் கட்டிய நாளிலிருந்து ஓய்ந்ததே இல்லை. யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கொடியேற்றினார்கள், நாம் வெளியே நின்று அண்ணாந்து பார்த்தோம். அதனால்தான் உள்ளே போய்க் கல்லைத் தொட்டுப் பார்க்கிற உரிமை நம் பிள்ளைகளுக்கு வேண்டும் என்கிறேன்.

இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களில் வரலாறு படிப்பிக்கிற ஆசிரியர்கள் சிலர் இருக்கிறீர்கள். தயவுசெய்து வகுப்பை ஒரு நாள் வெளியே கொண்டு வாருங்கள். டெல்ஃப்ட் வாசலில் தொடங்கிப் புறக்கோட்டைக்குள்ளால் நடந்து, பழைய நகர மண்டபத்துப் பக்கம் கெய்மன் கேட் மணிக்கூண்டு வரை வந்தால் போதும். கெய்மன் என்றால் முதலை, அந்தப் பக்கத்து நீரில் முதலை இருந்ததாம் என்று சொன்னால் பிள்ளைகள் கால் வலிக்குது என்று சொல்லவே மாட்டார்கள்.

வருகிற போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்தில் நான் பொடியனையும் அவனுடைய இரண்டு கூட்டாளிகளையும் அந்த வழியால் கூட்டிக்கொண்டு போகிறேன். காலை ஏழு மணிக்கு, வெயில் ஏற முன்னம். பிள்ளைகளோடு வர விருப்பமானவர்கள் கீழே சொல்லுங்கள், தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் கொண்டு வாருங்கள்.