ஒரே ஈத்து, ரெண்டு குணம்

"நாய்க்கு ஏதுப்பா குணம், சோறு போட்டா வாலாட்டும், கல்லெடுத்தா ஓடும்" என்று நேற்று டீக்கடையில் ஒரு அண்ணன் சொன்னார். அப்போது பேசாமல் வந்துவிட்டேன், ஆனால் மனசு ஆறவில்லை.

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், எங்கள் தெருவில் ஒரே ஈத்தில் பிறந்த ரெண்டு நாய்கள் இருக்கின்றன. கரையில் சங்காயம், அதாவது வலையில் சேர்ந்து வரும் கழிவு மீன், வந்து இறங்கினால் போதும், செவலை நேராகப் போய்க் கூடைக்குள் தலையை விட்டுவிடும், யார் அதட்டினாலும் நகராது. கருப்பன் பத்தடி தள்ளி, மணலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்துக்கொண்டு ஆட்களின் கையையே பார்த்துக்கொண்டிருக்கும். எல்லோரும் போன பிறகு மெல்ல எழுந்து வந்து, சிந்திக் கிடக்கிற காரல் மீனை ஒருதரம் மோந்துவிட்டு எடுக்கும். தாய் ஒன்று, தெரு ஒன்று, தீனியும் ஒன்று. அப்புறம் எப்படி இந்த வித்தியாசம்?

நாமாகக் கற்பனை செய்கிறோம் என்பார்கள். சாம் காஸ்லிங் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் 2003-ல் அதைத்தான் சோதித்தார்கள். வளர்ப்பவரிடம் கேட்டார்கள், அந்த நாயைத் தெரிந்த இன்னொருவரிடம் கேட்டார்கள், அதை முன்பின் பார்த்திராத ஆட்களையும் அதன் நடத்தையைப் பார்த்து மதிப்பிடச் சொன்னார்கள். துடிப்பு, பாசம், பதற்றம், புத்தி ஆகிய நான்கையும் அளந்ததில், ஓரிடம் தவிர மற்றதிலெல்லாம் மனிதர்களைப் பற்றிய மதிப்பீடு எவ்வளவு சரியாக இருந்ததோ அவ்வளவு சரியாக நாய்களைப் பற்றியதும் இருந்தது. ஸ்வீடனில் இன்னும் பெரிதாக, 15,000-க்கும் மேற்பட்ட நாய்களை ஒரே மாதிரியான சோதனைகளில் நடத்திப் பார்த்திருக்கிறார்கள், அங்கேயும் துணிச்சலான நாயும் கூச்சமான நாயும் தனித்தனியாகத் தெரிந்தன.

சரி, ஜாதி நாய்க்கு ஜாதிக் குணம் என்று ஒரு பேச்சு இருக்கிறதே? 2022-ல் 18,000 நாய்களுக்கு மேல் பார்த்த அமெரிக்க ஆய்வில், தனித்தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் இனத்தால் விளங்கியது சுமார் 9 சதவீதம்தான். தெருவில் ஒரு நாய் கடித்தால் எல்லா நாயையும் பிடி என்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கடிக்கிற நாயைக் கண்டுபிடிக்க வேண்டும்தான், குழந்தைகள் நடமாடுகிற தெரு. ஆனால் கருப்பன் என்ன செய்தது?

மனிதர்களின் குணத்தை உளவியலாளர்கள் ஐந்தாகப் பிரித்து அளப்பார்கள், அதில் மிச்சமிருக்கிற ஐந்தாவதான பொறுப்புணர்வை காஸ்லிங் குழு நாய்களிடம் அளக்கவில்லை. எனக்கு அதில்தான் ஆதங்கம். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் போகாது, சங்காயமும் வராது. செவலை மூன்றாம் நாளே பரோட்டாக் கடைப் பக்கம் போய்விட்டது. கருப்பன் மட்டும் விடியக்காலையில் அந்த வெறுங்கரைக்கு வந்து, அதே இடத்தில், கடலைப் பார்த்துப் படுத்திருந்தது. பழக்கம்தான் என்றால், அதே பழக்கம் செவலைக்கு ஏன் இல்லை? அதையும் யாராவது அளந்து சொல்ல வேண்டும்.