மரம் காயும் வரை யார் காத்திருப்பது?

மரத்தில் செய்த பொருள் என்றாலே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற நினைப்பு நம்மில் பலருக்கு இருக்கிறது. பெட்டியின் மேல் ஓர் இலைப் படம், சுற்றிக் கட்டிய சணல் கயிறு, இவ்வளவு போதும், மறுபேச்சு இல்லாமல் வாங்கிவிடுகிறோம். எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது. மரமோ மூங்கிலோ வேறு வனப்பொருளோ, நான் முதலில் பார்ப்பது காலத்தை. வெட்டிய மரம் மறுபடி வளர எத்தனை வருடம் ஆகும்? அதில் செய்த சாமான் எத்தனை வருடம் உழைக்கும்? முப்பது வருடம் நின்று வளர்ந்த மரத்தை அறுத்து, மூன்றே வருடத்தில் குப்பைக்குப் போகிற மேசை செய்தால், அதன் மேல் எத்தனை முத்திரை குத்தினாலும் காட்டுக்கு நட்டம்தான்.

இந்தக் கணக்கை ஒழுங்காகப் போடக்கூடியவர்கள் சிறிய பட்டறைக்காரர்களும், காட்டை ஒட்டி வாழ்ந்து அதன் பொருளில் தொழில் செய்கிறவர்களும்தான் என்று உறுதியாக நம்புகிறேன். அவர்களைப் பொறுமையாக வேலை செய்ய விடாதது நாமும் நம் சட்டதிட்டங்களும். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

மரம் காய்வதிலிருந்து தொடங்குகிறேன். புதிதாக வெட்டிய கட்டைக்குள் ஏகப்பட்ட தண்ணீர் இருக்கும். சில மரங்களில் அந்தத் தண்ணீரின் எடை, காய்ந்த மரத்தின் எடைக்குச் சமமாகவே இருக்கும். முதலில் வெளியேறுவது மர அணுக்களின் உள்ளே தேங்கி நிற்கும் தண்ணீர். அதுவரை மரம் வடிவம் மாறாது. ஈரம் முப்பது சதவீதத்துக்கும் கீழே இறங்கும்போதுதான் அணுக்களின் சுவரிலிருந்தே நீர் வெளியேறத் தொடங்கி மரம் சுருங்குகிறது. எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்கினால் பிரச்சினையே இல்லை. ஆனால் ஆண்டு வளையம் ஓடும் போக்கில் சுருங்குவது, நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நீளவாக்கில் சுருக்கம் இல்லை என்றே சொல்லலாம். பலகை குழிவதும் முறுக்கிக்கொள்வதும் இதனால்தான்.

இதைத் தெரிந்தவர் பலகைகளை எப்படி அடுக்குவார் தெரியுமா? ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே ஒரே கனமுள்ள ரீப்பர்களை, மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் வருமாறு வைப்பார். காற்று புக வேண்டும், ஆனால் வெயில் நேராகப் படக்கூடாது. பலகையின் இரண்டு முனைகளிலும் மெழுகோ பெயிண்டோ பூசுவார். முனை வழியாக ஈரம் வேகமாக ஓடிவிட்டால் அங்கே வெடிப்பு விழும். மேலே பாரம் ஏற்றுவார். அப்புறம் காத்திருப்பார். ஓர் அங்குல கனத்துக்கு ஒரு வருடம் என்பது மரவேலைக்காரர்கள் பல நாடுகளில் கைக்கணக்காக வைத்திருக்கும் அளவு. வீட்டுக்குள் புழங்கும் சாமானுக்கு ஈரம் எட்டிலிருந்து பன்னிரண்டு சதவீதத்துக்கு வந்திருக்க வேண்டும். உலர்த்தும் சூளை இருந்தால் சில வாரங்களில் முடித்துவிடலாம். அதை வாங்க முதல் வேண்டும், ஓட்டத் திறமையும் வேண்டும்.

இத்தனை காலமும் அந்தப் பட்டறைக்காரரின் பணம் பலகையாக அடுக்கிக் கிடக்கிறது. வாடகையும் வட்டியும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்த நிலையில் நாம் போய், பத்து நாளில் கட்டில் வேண்டும், ஆன்லைனில் இதைவிடக் குறைவாகக் கிடைக்கிறது என்கிறோம். அவர் என்ன செய்வார்? பாதி காய்ந்த மரத்தில் கையை வைப்பார். அடுத்த கோடையில் இணைப்பு விட்டுப்போகும், கதவு முறுக்கிக்கொள்ளும். இந்தக் காலத்து மரமே சரியில்லை என்று சொல்லிவிட்டு நாம் பிளாஸ்டிக்குக்கோ, மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த துகள்பலகைக்கோ போய்விடுவோம். எனக்குத் தெரிந்து நல்ல கைவேலைக்காரர்கள் தொழிலை விட்டது இந்த அவசரத்தைத் தாங்க முடியாமல்தான். அவர்களுக்கு வேலை தெரியாமல் இல்லை.

நேரம் கொடுத்தால் அவர்கள் செய்வதைப் பாருங்கள். கதவின் சட்டத்தில் பள்ளம் எடுத்து, நடுப்பலகையை அதில் பசை போடாமல் செருகுவார்கள். மழைக்காலத்தில் பலகை விரியும், கோடையில் சுருங்கும், சட்டம் அசையாமல் நிற்கும். நாற்காலியின் காலும் குறுக்குச் சட்டமும் சேரும் இடத்தில் துளை எடுத்து, அதற்குள் செருகும் மர முனையான கழுந்தை இறுக்குவார்கள். பழைய நாற்காலிகளில் விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசை இருக்கும். சூடும் ஈரமும் காட்டினால் அது இளகும், இணைப்பைக் கழற்றி உடைந்த ஒரு காலை மட்டும் மாற்றலாம். துகள்பலகையில் ஸ்க்ரூ துளை ஒருமுறை பிய்ந்துவிட்டால் அந்த இடத்தில் மறுபடி பிடிமானமே இருக்காது. ஒன்று பழுதுபார்த்து இன்னொரு தலைமுறைக்கும் கொடுக்கும் பொருள், மற்றது பெரும்பாலும் தூக்கிப் போடும் பொருள். இரண்டையும் ‘மரச்சாமான்’ என்று ஒரே தட்டில் வைத்து விலை ஒப்பிடுவது நியாயமே இல்லை.

உருண்டைக் கட்டையை அறுத்தால் ஏறக்குறைய பாதிதான் பலகையாகக் கிடைக்கும். மீதி பட்டைச் சீவல், ஓரத் துண்டு, மரத்தூள். பெரிய ஆலை இதை எரிக்கும் அல்லது அரைத்து விற்கும். சிறு பட்டறை அந்த ஓரத் துண்டில்தான் கரண்டி, சீப்பு, கைப்பிடி எல்லாம் செய்கிறது. கர்நாடகத்தின் சன்னபட்டணப் பொம்மைகள் இந்தச் சிக்கனத்துக்கு நல்ல சாட்சி. எளிதில் கடையக்கூடிய, வெட்பாலை என்ற மென்மையான மரம். கடைசலில் சுழலும் பொம்மையின் மேல் நிறம் கலந்த அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிக்கிறார்கள். உராய்வுச் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் பிடித்துக்கொள்கிறது. பிறகு தாழை ஓலையை வைத்துத் தேய்த்தால் பளபளப்பு வந்துவிடுகிறது. மரம், பூச்சி சுரக்கும் அரக்கு, ஓலை, முதலீட்டில் பெரும்பங்கு கைப்பழக்கம்.

மரத்தை வெட்டாமலே நடக்கும் தொழிலும் உண்டு. போர்ச்சுகலில் கார்க் ஓக் மரத்தின் பட்டையை மட்டும் உரிக்கிறார்கள். மரத்துக்கு சுமார் இருபத்தைந்து வயதான பிறகே முதல் உரிப்பு. அதன் பின் குறைந்தது ஒன்பது வருடம் தொடக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. பாட்டில் மூடிக்குத் தகுந்த தரம் மூன்றாவது உரிப்பிலிருந்துதான் கிடைக்கும், அதாவது மரம் நாற்பது வயதைத் தாண்டிய பிறகு. உரித்த வருடத்தின் கடைசி எண்ணை மரத்திலேயே பெயிண்டில் எழுதிவைக்கிறார்கள். 4 என்று எழுதியிருந்தால் 2024-ல் உரித்தது, 2033 வரை கோடரிக்கு அங்கே வேலை இல்லை. எந்தச் சான்றிதழையும்விட எனக்கு அந்த ஒற்றை எண் மேல் நம்பிக்கை அதிகம். காட்டுக்குள் போகிற யாரும் படித்துச் சரிபார்க்கலாம்.

மூங்கில் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். வேகமாக வளர்கிறது என்ற ஒரே காரணத்தைச் சொல்லி எதை வேண்டுமானாலும் நம் தலையில் கட்டுகிறார்கள். மூங்கில் சில மாதங்களில் முழு உயரத்தை எட்டிவிடும், உண்மை. ஆனால் அது முற்றி உறுதியாக மூன்று முதல் ஐந்து வருடம் ஆகும். இளசாக வெட்டினால் மாவுச்சத்து நிறைய இருக்கும், வண்டு துளைத்துப் பொடியாகக் கொட்டும். நிதானமாகச் செய்கிறவர் புதரில் இளங்கழிகளை விட்டுவிட்டு முற்றியதை மட்டும் எடுத்து, போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவைத்து உலர்த்துகிறார். இன்னொரு பக்கம், மூங்கில் கோப்பை என்று உலகம் முழுக்க விற்றவற்றில் பல, மெலமைன் பிளாஸ்டிக்கில் மூங்கில் தூள் கலந்தவை. உணவுப் பாத்திரத்துக்கு அந்தக் கலவை அனுமதிக்கப்பட்டதே இல்லை என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் அவற்றைச் சந்தையிலிருந்து அகற்ற இறங்கியது. நேர்மையாக மூங்கில் பின்னும் ஒருவர் இந்தக் கோப்பையோடு விலையில் போட்டியிட வேண்டியிருந்தது என்பதுதான் என் ஆத்திரம்.

காடு யார் கையில் இருக்கிறது என்பதும் இதே காலக் கணக்குதான். நாளைக்கே விரட்டிவிடுவார்கள் என்று இருப்பவர் எதற்காக மரத்தை வளர விடுவார்? குவாத்தமாலாவின் பெட்டேன் பகுதியில் 1990-களிலிருந்து கிராமச் சமூகங்களுக்கு 25 வருட ஒப்பந்தத்தில் காட்டைக் கொடுத்தார்கள். அவர்கள் மகோகனியை அளவாக வெட்டினார்கள், பூங்கொத்துக்குப் போகும் ஷாத்தே என்ற சிறு பனை இலையைப் பறித்து விற்றார்கள். மக்கள் குடியிருந்து நடத்திய அந்தக் காடுகள், பக்கத்தில் இருந்த சில தேசியப் பூங்காக்களைவிட நன்றாகத் தப்பிப் பிழைத்தன. இந்தியாவில் 2006-ன் வன உரிமைச் சட்டம் மூங்கிலை, காட்டில் வாழ்வோர் எடுத்து விற்கக்கூடிய சிறு வன மகசூலில் சேர்த்தது. ஆனாலும் வெட்டிய மூங்கிலை வண்டியில் ஏற்ற வனத்துறையின் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. 2011-ல் மகாராஷ்டிரத்தின் மேந்தா லேகா கிராம சபையிடமே அந்தச் சீட்டுப் புத்தகம் ஒப்படைக்கப்பட்டது. சொந்த நிலத்தில் வளர்த்த மூங்கில்கூடச் சட்டத்தின் கண்ணில் ‘மரம்’, அதனால் அனுமதி இல்லாமல் வெட்டி எடுத்துப்போக முடியாது என்ற நிலை 2017-ல்தான் மாறியது. இதற்கு இவ்வளவு காலம் ஆனதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது.

உண்ணிச்செடி மட்டும் இந்தக் கணக்குக்கு நேர் எதிர். லண்டானா என்ற பெயரில் தெரிந்திருப்பீர்கள், வெளிநாட்டிலிருந்து வந்து நம் காடுகளை ஆக்கிரமித்த புதர். எவ்வளவு வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது. கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலைப் பகுதியில் அதன் தண்டை வேகவைத்துத் தோலுரித்து வளைத்து நாற்காலி செய்கிறார்கள். அரசுகள் இதற்குச் செலவிட இன்னும் என்ன தயக்கம் என்று புரியவில்லை.

சான்றிதழ்களை எதிர்ப்பவன் இல்லை நான். பொறுப்பாகப் பராமரித்த காட்டின் மரத்துக்குச் சான்று தரும் எஃப்.எஸ்.சி. அமைப்பு 1993-ல் தொடங்கியபோது காடழிப்பைத் தடுக்க அப்படி ஒன்று கட்டாயம் தேவைப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டுக் காடழிப்புத் தடுப்புச் சட்டம், மரம் விளைந்த நிலத்தின் இருப்பிடக் குறியீட்டைக் கேட்பதும் சரியான கேள்விதான். ஆனால் மூன்று பேர் வேலை செய்யும் பட்டறைக்கும் கப்பல் கப்பலாகப் பலகை அனுப்பும் நிறுவனத்துக்கும் ஒரே மாதிரிக் காகிதச் சுமை வைத்தால், சிறியவர் பெரியவருக்குத் துணை ஒப்பந்தக்காரராகப் போய்ச் சேர்வார், அவ்வளவுதான் நடக்கும். அளவைப் பார்த்து விதியைத் தளர்த்த முடியும் என்பதற்கு அரிய உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மாநாடு, 2022-ல் பனாமாவில் நடந்ததே உதாரணம். பத்து கிலோவுக்குக் குறைவான சீஷம் (ஈட்டி மர இனத்தைச் சேர்ந்தது) மரக் கைவினைப் பொருளை ஏற்றுமதி செய்யத் தனி அனுமதி வேண்டாம் என்று அங்கே இந்தியா தெளிவு பெற்றது.

அரசு செய்யக்கூடியவற்றில் நான் முதலில் வைப்பது பொது உலர்த்தும் சூளை. பத்துப் பட்டறைகள் சேர்ந்து பயன்படுத்த ஒன்று இருந்தால் வருடக்கணக்கில் முடங்கும் பணம் சில வாரங்களில் திரும்பும். அடுத்தது, காய வைத்திருக்கும் பலகை அடுக்கை வங்கிகள் ஈடாக ஏற்க வேண்டும். தானியத்தைக் கிடங்கில் வைத்துக் கடன் வாங்க முடிகிறது, நாளுக்கு நாள் மதிப்பு கூடும் பலகைக்கு முடியாதா? பள்ளி பெஞ்சுக்கும் அலுவலக மேசைக்கும் டெண்டர் விடும்போது மிகக் குறைந்த விலையை மட்டும் பார்க்காமல் எத்தனை வருடம் உழைக்கும், பழுதுபார்க்க முடியுமா என்பதற்கும் மதிப்பெண் கொடுக்க வேண்டும்.

வாங்குகிற நாம், பட்டறைக்குப் போனால் விலைக்கு முன் இதைக் கேட்போம்: இது என்ன மரம், எங்கிருந்து வந்தது, அறுத்து எத்தனை மாதம் ஆகிறது, கால் உடைந்தால் நீங்களே மாற்றித் தருவீர்களா? இதற்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொல்கிறவர், மரம் இன்னும் காயவில்லை, ஆறு மாதம் பொறுங்கள் என்றால், பேரம் பேசாமல் முன்பணத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.